குருசடி வரைக்கும் போன குரல்

ஈரத் துணியை ஒரு பாட்டின்மேல் காயப்போட்டுப் பார்த்திருக்கிறீர்களா நீங்கள்? எங்கள் ஆத்திமுனையில் ஏழு வருடம் அப்படித்தான் காயப்போட்டோம். கயிற்றைவிடச் சீக்கிரம் காயும், கிளிப் வேண்டாம், துருக்கறை பிடிக்காது, ஆடிக் காற்று என்ன ஆட்டம் ஆடினாலும் வெள்ளை வேட்டி பறந்துபோய் முள்ளுக்காட்டில் விழாது. உள்நாட்டுக்காரர்களிடம் சொன்னால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். கடலோரத்து உப்புக்காற்றில் கம்பி கட்டிப் பார்த்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். ஆறு மாதத்தில் கம்பி மிஞ்சாது, துருதான் மிஞ்சும்.

பாடியது கொரற்றி, என் வீட்டுக்காரர் சூசையின் தங்கை. அண்ணன் பெண்டாட்டி என்பதால் அவளுக்கு நான் மைனி. நான் இந்த ஊருக்கு வாக்கப்பட்டு வந்த வருடம் அவளுக்குப் பதினாறு வயது. தாயும் தகப்பனும் இல்லாத வீட்டில் அண்ணனும் தங்கையும் மட்டும் கஞ்சி காய்ச்சிக் குடித்துக்கொண்டிருந்தார்கள். நான் மூன்றாவதாகப் போய்ச் சேர்ந்து, முதல் வேலையாக அவள் தலையில் பேன் எடுத்தேன். மடியில் தலையை வைத்துக்கொண்டு பாடிக்கொண்டே இருப்பாள். “வாயைக் கொஞ்சம் மூடுட்டி, நீ பாடினா தலை ஆடுது, தலை ஆடினா பேன் ஓடுது” என்பேன். மூடமாட்டாள்.

அந்த வருடம் சந்தியாகப்பர் திருவிழாவின் பத்தாம் நாள் பெரிய பூசையில், வானவர் கீதம் முடியப்போகிற நேரத்தில் கரண்ட் போனது. பாட்டு மாஸ்டரின் கீபோர்டு ஊமையாகி, மைக் ஊமையாகி, மற்ற பிள்ளைகள் எல்லாம் ஆளை ஆள் பார்த்துக்கொண்டு பாதியில் நிறுத்திவிட, இவள் மட்டும் நிறுத்தாமல் மேலே போனாள், எங்கே நிறுத்துவது என்று சொல்லக் கீபோர்டு இல்லாததால் இன்னும் மேலே போனாள், கடைசிச் சொல்லைப் பிடித்துக்கொண்டு ஒரு மூச்சு முழுக்கப் போனாள், அந்தக் குரல் பாட்டுக்காரர் மாடத்தின் தெற்கு ஜன்னல் வழியாக வெளியே வந்து, கோயில் முற்றத்தைத் தாண்டி, எங்கள் தெருவைத் தாண்டி, எங்கள் வீட்டு வாசலுக்கு மேலாகச் சாய்ந்து இறங்கி, கடற்கரைக் குருசடியின் கல் சிலுவை வரைக்கும் போய் நின்றது. பூசை முடிந்தது. சப்பரம் சுற்றியது. வளையல் கடையும் பலூன் கடையும் மூட்டை கட்டிக்கொண்டு போயின. குரல் மட்டும் போகவில்லை.

மூன்றாம் நாள் காலையில் எங்கள் பக்கத்து வீட்டு வியாகுலம் சித்தி, திருவிழாவுக்கு வந்த விருந்தாட்கள் படுத்த விரிப்பையெல்லாம் துவைத்து எடுத்துக்கொண்டு கொடிக்கம்பியைத் தேடிக் கையை உயர்த்தினாள். கம்பிக்குப் பதில் கையில் வேறொன்று தட்டுப்பட்டது. கண்ணுக்குத் தெரியவில்லை. லேசான காய்ச்சலில் கிடக்கிற பிள்ளையின் நெற்றி மாதிரி வெதுவெதுப்பாக, இரையை மீன் மோந்து பார்க்கும்போது தூண்டில் நரம்பு துடிக்குமே, அது மாதிரி துடித்துக்கொண்டிருந்தது.

“இந்தப் பிள்ள பாடினது இன்னும் இங்கனதான் கெடக்கு” என்றாள் சித்தி. சொல்லிவிட்டு விரிப்பை அதன்மேல் போட்டாள்.

அவ்வளவுதான். மறுநாள் நான் போட்டேன். அதற்கு மறுநாள் தெருவே போட்டது. ஒரு வாரத்தில் யார் துணிக்கு எந்த இடம் என்று சண்டை வந்து, கோயில் வரைக்கும் போய், கிளமென்ட் சாமியார் தானே வந்து அதைத் தொட்டுப் பார்த்து, விரலால் சுண்டிப் பார்த்து, ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் அறிவித்தார்: திருவிழாப் பூசையில் பாடியது சந்தியாகப்பருக்குக் கொடுத்த காணிக்கை, காணிக்கை கோயிலுக்குச் சொந்தம், கோயில் ஊருக்குச் சொந்தம், ஆகையால் அன்பியம் அன்பியமாக முறைவைத்து எல்லாரும் காயப்போட்டுக்கொள்ளலாம். அன்பியம் என்றால் எங்கள் ஊரில் இருபது இருபத்தைந்து வீடு சேர்ந்த கூட்டம், கோயில் கூட்டுவதும் செபமாலை சொல்லுவதும் அதன் முறையில்தான் நடக்கும். திங்களும் வெள்ளியும் துணி, செவ்வாய் நெத்திலி, புதன் வாளை, வியாழன் ஈர வலை என்று பிரித்துக்கொண்டார்கள். உள்பாவாடை மட்டும் போடக் கூடாது, சாமியார் அறை ஜன்னலுக்கு நேரே வருகிறது. திருவிழா, கிறிஸ்மஸ், உயிர்த்த ஞாயிறு, இந்தப் பெரிய நாட்களில் எதுவுமே போடக் கூடாது, சுற்றுப்பிரகாரம் அதன் அடியில் போகும். காணிக்கை எப்படி ஒரு பெண்ணின் தொண்டையிலிருந்து வந்து நிற்கிறது என்று அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை. நெத்திலி மழைக்கு முன் காயவேண்டும், அதுதானே கவலை.

கொரற்றியைத்தான் எல்லாரும் கேட்டார்கள். அவள் படித்த பள்ளிக்கூடத்துக் கன்னியாஸ்திரிகள் திருநெல்வேலிப் போட்டிக்கு அனுப்பினார்கள். அங்கே நடுவராக வந்திருந்த டிமெல்லோ மேடம், சென்னையில் வெள்ளைக்காரப் பாட்டு சொல்லிக்கொடுக்கிறவர், கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டாராம். பெண்குரலிலேயே ஆக உச்சத்தில் போகிற குரலுக்கு சொப்ரானோ என்று பேராம். “உன் நாத்திக்கு அது இருக்கு” என்று எனக்குப் போனில் சொல்லும்போது அந்த மேடத்தின் குரல், ஒன்று லட்ச ரூபாய்க்குப் போகிற கத்தாழை மீன் வலையில் பட்ட ஆளுடைய குரல் மாதிரி இருந்தது. அழைத்துக்கொண்டு போய்விட்டார்.

ஓபரா என்பது வெள்ளைக்காரர்களின் கூத்து. நம் கூத்து மாதிரிதான், பேசவேண்டியதையெல்லாம் பாடுவார்கள், சாகும்போதும் பாடுவார்கள். இரண்டு வருடம் கொரற்றி கும்பலோடு கும்பலாக நின்று பாடினாள். மூன்றாம் வருடம் ஒரு வேலைக்காரி வேஷம் கிடைத்தது, விளக்கை எடுத்துக்கொண்டு வந்து, ராணியே கப்பல் தெரிகிறது என்று இத்தாலிப் பாஷையில் ஒரே ஒரு வரி. அந்த ஒரு வரியை ஒரு மாதம் எனக்குப் போனில் பாடிக் காட்டினாள். நான் அரிசி களைந்துகொண்டே கேட்டு, அரிசி களையும்போதெல்லாம் எனக்கும் அது வாயில் வந்தது. பிறகு ராணியின் தோழி. பிறகு பெங்களூரில் ஒரு மந்திரவாதியின் மகள். “அங்க உன் குரல் நிக்கிதாட்டி?” என்று கேட்டேன். “எங்க நிக்கும் மைனி, கதவையெல்லாம் அடைச்சு ஏசி போட்டிருக்கான், வெளிய போக வழி இல்லாம அப்படியே விழுந்திருது” என்றாள்.

அவள் மேலே மேலே போகப் போக, அவள் பேச்சு கீழே கீழே போனது. போனில் நாலு வார்த்தைக்கு ஒரு பெருமூச்சு. “களைப்பா இருக்கு மைனி.” சாப்பிட்டியா என்றால் சாப்பிட்டேன் என்பாள். தூங்கினியா என்றால் தூங்கினேன் என்பாள். டாக்டர் மூக்கு வழியாகக் குழாய் விட்டுப் பார்த்து, தொண்டை கண்ணாடி மாதிரி இருக்கிறது என்று சொல்லிவிட்டாராம். ஆனால் திருவிழாவுக்கும் கிறிஸ்மஸுக்கும் ஊருக்கு வந்தால் மட்டும், ஊர் எல்லையில் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே முகம் தெளிந்துவிடும். “நம்ம ஊர்க் காத்துதான் மைனி மருந்து” என்பாள். நாங்களும் ஆமாம் ஆமாம் என்று பெருமைப்பட்டுக்கொண்டோம்.

எனக்கும் களைப்புதான். ஆறு வருடம் நேர்ச்சைமேல் நேர்ச்சையாக வைத்து எனக்கு சாவியோ பிறந்தான். பிறந்த நாளிலிருந்து தூங்கவில்லை. மற்றப் பிள்ளைகள் பாலுக்கு அழும், பசிக்கு அழும். இவன் தூக்கம் வருகிறதே என்று அழுவான். இவன் அப்பா தங்கல் தொழிலுக்குப் போனால் கரை திரும்ப இருபது நாள் ஆகும். இருபது நாளும் நான் ஒருத்தியாக, ஒரு தோளில் பிள்ளை, ஒரு கையில் அகப்பை, காலால் கோழியை விரட்டிக்கொண்டு நிற்பேன். இரண்டாம் மாதத்தில் ஒருநாள் வியாகுலம் சித்தி வேலிக்கு அந்தப்பக்கம் நின்று, “ஆறு வருஷம் கேட்டு வாங்கின பிள்ள, அழுதா அமத்தத் தெரியலியே பெர்பெத்து உனக்கு” என்றாள். பெர்பெத்து நான்தான். அன்றோடு அவளிடம் ஒரு கொத்துக் கறிவேப்பிலைகூடக் கேட்டதில்லை. அவளிடம் மட்டும் என்ன, யாரிடமும் கேட்டதில்லை. யாராவது கையை நீட்டினாலும், “வேண்டாம், நான் பாத்துக்கிடுவேன்” என்று பிள்ளையை அந்தத் தோளிலிருந்து இந்தத் தோளுக்கு மாற்றிக்கொள்வேன்.

உத்தரத்தில் தொட்டில் கட்டினேன், அலறினான். முருங்கையில் கட்டினேன், கிளை முறிந்தது. ஒருநாள் மதியம், இனி என்ன இருக்கிறது என்று வாசலுக்கு வந்து, என் கல்யாணச் சேலையை அந்தக் குரலின்மேல் போட்டு முடிந்து, பிள்ளையை உள்ளே வைத்தேன். கப்பென்று அழுகை நின்றது. துடிப்பு சேலைவழியாக இறங்கி அவன் முதுகுக்குப் போயிருக்கும். கண்ணைச் செருகினான். நானும் அடியில் பாயை விரித்து விழுந்தவள்தான், எழுந்து பார்த்தால் கோழிகள் அரிசி முழுவதையும் தின்று முடித்திருந்தன. எனக்கு அழுகையே வந்துவிட்டது, அத்தனை சந்தோஷம். அன்றிலிருந்து காலை பத்து மணிக்கு ஒரு தூக்கம், சாயங்காலம் நாலு மணிக்கு ஒரு தூக்கம். சின்னப் பிள்ளைக்கு முறை பார்க்க வேண்டாம் என்று சாமியாரும் விட்டுவிட்டார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது, திருவிழாவும் இல்லை ஒன்றும் இல்லை, ஒரு சாதாரண வியாழக்கிழமை, யாரிடமும் சொல்லாமல் கொரற்றி வந்து வாசலில் நின்றாள். மெலிந்து, கழுத்து எலும்பு தெரிய, பையைக் கீழே வைக்கக்கூட மறந்து நின்றாள்.

அவள் பார்த்தது இதுதான்: கோயில் ஜன்னலிலிருந்து குருசடி வரைக்கும், தண்ணீர் சொட்டச் சொட்ட ஒன்பது வீட்டு வலை, ஓரத்தில் வியாகுலம் சித்தி செவ்வாய்க்கிழமை முறையில் காயாமல் விட்டுவைத்த நெத்திலிச் சாக்கு இரண்டு, ஒரு சைக்கிள் டியூப், ஒரு பனியன், நடுவில் என் கல்யாணச் சேலைக்குள் என் மகன்.

உள்ளே கூட்டிக்கொண்டு போய்க் கட்டன் சாயா கொடுத்தேன். தம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சொன்னாள். இதுவரைக்கும் ஒருத்தரிடமும் சொல்லாததைச் சொன்னாள்.

“திங்கக்கிழமையானா தொண்டை ஈரமா நனைஞ்சு கெடக்கும் மைனி. செவ்வாய்க்கிழமை வாயைத் தெறந்தா நெத்திலி வாசம். மேடம் ஏலக்காய் குடுத்துப் பாத்தாங்க, கிராம்பு குடுத்துப் பாத்தாங்க. வியாழக்கிழமை சொல்லவே வேண்டாம், மூச்சை மேல ஏத்தினா யாரோ மணலுக்குள்ள பிடிச்சு இழுக்கிற மாதிரி. எனக்குப் பைத்தியம் பிடிச்சிட்டுன்னு நெனச்சேன். அதையும் தூக்கிட்டுத்தான் பாடினேன். செத்த சாமான் எத்தனையை வேணும்னாலும் தூக்கிரலாம். ஆனா ஒம்பது மாசமா ஒண்ணு இருக்கு மைனி, அது சின்னது, ஆனா ஆடும். காலையில ஆடும், சாயங்காலம் நாலு மணிக்கு ஆடும். ஆடுறதை வச்சுக்கிட்டு சுருதியைப் பிடிக்க முடியல.”

நான் தம்ளரை வாங்கிக் கழுவப் போனேன். கழுவிய தம்ளரையே கழுவிக்கொண்டு நின்றேன்.

அவளுக்கு முதல்முறையாக ராணி வேஷம் கிடைத்திருந்தது. ஒரு தீவு ராணி. கணவனின் கப்பல் கவிழ்ந்த சேதி கேட்டு, கரையில் நின்று பாடவேண்டும், பாட்டு ஏறி ஏறி, அன்றைக்குத் திருவிழாவில் போன இடத்துக்கே போகவேண்டும். எங்கள் ஊரில் அந்தச் சேதி கேட்டு ஒருத்தியும் பாடியதில்லை, மண்ணில் விழுந்துதான் பார்த்திருக்கிறேன், ஆனாலும் அவர்கள் கூத்து அவர்களுக்கு. அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு அடுத்த ஞாயிறு, நாலரை மணிக்கு, சென்னையில் ஆட்டம். பயிற்சியில் நாலு தடவை அந்த இடத்தில் குரல் நின்றுவிட்டது. பூனாவிலிருந்து ஒரு பெண்ணை அந்த வேஷத்துக்குத் தயாராக வைத்திருக்கிறார்கள். இந்தமுறை நின்றுபோனால், ராணி வேஷத்துக்கு இனி யாரும் கூப்பிடமாட்டார்கள் என்று மேடம் சொல்லிவிட்டாராம்.

அன்றைக்குச் சாயங்காலமே கோயில் முற்றத்தில் கூட்டம் கூடியது. கொரற்றி எழுந்து நடந்ததைச் சொன்னாள். சாமியார் நெற்றியைத் தடவினார். “நான்தாம்மா காணிக்கைன்னு சொன்னேன்” என்றார், மெதுவாக. கூட்டத்தில் ஒருத்தரும் அவள் சொன்னதை நம்பாமலில்லை. ஆனால் ஏழு வருடப் பழக்கம். கம்பி கட்டினால் துரு, தரையில் போட்டால் மணல், மழைக்காலம் வேறு வருகிறது.

வியாகுலம் சித்திதான் முதலில் வாயைத் திறந்தாள். “எனக்கு ஒண்ணு சொல்லுட்டி. சந்தியாகப்பருக்கு நேந்துவிட்ட சேவலை, வீட்டுக்கு விருந்தாள் வந்திருக்குன்னு திருப்பிப் பிடிச்சிட்டுப் போவியா?”

சிரிப்பு எழுந்தது.

“சேவலை நான் கேக்கல சித்தி” என்றாள் கொரற்றி. “சேவல் அங்கனயே நிக்கட்டும். நீங்க எல்லாரும் அது முதுகுல ஏறி உக்காந்திருக்கீங்களே, இறங்குங்கன்னுதான் கேக்கேன்.”

இன்னும் பெரிய சிரிப்பு. சித்தியும் சிரித்துவிட்டு, சட்டென்று முகத்தை இறுக்கிக்கொண்டாள். “நாங்க எங்கள மாதிரிப் பாவப்பட்டவங்க சாமான்தான் போட்டோம். அது அம்புட்டுப் பாரமா? பாடு பாப்போம்.”

கொரற்றி பாடினாள். ராணியின் பாட்டு, முதலில் தாழ்வாக, பிறகு படியேறுகிற மாதிரி. எங்களுக்குப் பாஷை தெரியாது, ஆனால் பத்துப் பேர் சேலைத் தலைப்பை வாயில் வைத்தார்கள். ஏறி, ஏறி, கடைசிப் படிக்குக் காலைத் தூக்கும்போது கழுத்து நரம்பு புடைத்தது, கண் சிவந்தது, வாய் திறந்தபடி இருந்தது, சத்தம் வரவில்லை. அப்போது வெளியே ஒன்பது வீட்டு வலையும் தாழ்ந்து மணலில் உரசி, மறுபடி மேலே எழும்பியது. இரண்டாம் தடவை முயன்றாள். மறுபடி வலை தாழ்ந்தது. தண்ணீர் இல்லாத கிணற்றில் உருளை சுற்றுகிற மாதிரி ஒரு சத்தம் மட்டும் அவளிடமிருந்து வந்தது. எல்லாரும் அவளைப் பார்க்காமல் வலையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

வியாகுலம் சித்தி எழுந்து, பின்பக்க மணலைத் தட்டிவிட்டு, நேரே போய்த் தன் நெத்திலிச் சாக்கு இரண்டையும் இறக்கித் தலையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள். பிறகு ஒவ்வொருத்தராக எழுந்தார்கள். வலை இறங்கியது, டியூப் இறங்கியது, பனியன் இறங்கியது. ஒவ்வொன்று இறங்கும்போதும் கொரற்றியின் தோள் ஒரு நூல் உயர்ந்தது. இருட்டுவதற்குள் எல்லாம் முடிந்தது.

தொட்டில் ஒன்றுதான் பாக்கி.

கொரற்றி அதன் பக்கத்தில் வந்து நின்றாள். சேலையை விலக்கி எட்டிப் பார்த்தாள். சாவியோ கையை மடக்கி, வாயைத் திறந்துகொண்டு கிடந்தான். இறக்குகிறேன் என்று என் வாய் வரைக்கும் வந்தது. இறக்கினால் இன்றைக்கும் நாளைக்கும் அதற்கு மறுநாளும் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், அது தெரிந்ததால் சொல்லவில்லை.

“கெடக்கட்டும் மைனி” என்றாள் அவள். “இவன் பாரமெல்லாம் ஒரு பாரமா?”

அது பொய் என்று இரண்டுபேருக்கும் தெரியும். ஆடுவதைத்தான் தாங்க முடியவில்லை என்று காலையில் அவளேதான் சொன்னாள். தெரிந்தும் நான், “அவன் ஒம்பது கிலோகூட இல்ல” என்றேன். இன்றைக்கும் அதை நினைத்தால் காது சூடாகிறது. அவள் சிரித்தாள். மறுநாள் விடியற்காலை பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

சென்னையிலிருந்து தினமும் போன் செய்தாள். குரல் சுத்தமாக இருக்கிறது, மூச்சு நிற்கிறது, மேடம் அழுதுவிட்டார் என்றெல்லாம் சொன்னாள். ஆட்டத்துக்கு முதல்நாள், சனிக்கிழமை காலையில், “கடைசிப் படியில மட்டும் கொஞ்சம்…” என்று தொடங்கி நிறுத்தினாள்.

“ஆடுதா?”

“கொஞ்சம்தான். பூனாப் பிள்ளைக்கும் உடுப்புத் தைச்சு வச்சிருக்காங்க. இன்னைக்குச் சாயங்காலம் ஒருக்கா பாத்திட்டு முடிவு சொல்லுவாங்க. அதை விடு. சாவியோ தூங்குதானா?”

“தூங்குதான்” என்றேன். போனை வைத்தேன். மணி பத்து. அவன் ஆடிக்கொண்டிருந்தான்.

சனிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு நான் அவனைத் தொட்டிலில் போடவில்லை. தோளில் போட்டுக்கொண்டு நடந்தேன். ஆறரை வரைக்கும் அலறினான். ஏழு மணிக்கு அவளிடமிருந்து போனில் ஒரு வரி வந்தது: நான்தான் பாடுறேன் மைனி. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும், சேலை முடிச்சை அவிழ்த்தேன். ஒன்பது மாதத்து முடிச்சு, உப்பேறி இறுகிப்போய், பல்லால் கடித்துத்தான் அவிழ்க்க வேண்டியிருந்தது. சேலையை மடித்துப் பெட்டியில் வைத்தேன்.

காலைத் தூக்கம் இல்லை. மதியமும் கண்ணை மூடவில்லை. நாலு மணிக்கு அவன் தொடங்கியபோது, நேற்று அழுததெல்லாம் பீடிகை என்று தெரிந்தது. வாசலில் இருந்து கிணறு வரைக்கும் நடந்தேன், கிணற்றிலிருந்து வாசல் வரைக்கும் நடந்தேன். முதுகை வளைத்து, காலை உதைத்து, என் கம்மலைப் பிடித்து இழுத்து, தெருவையே தன் பக்கம் திருப்பிக்கொண்டு அழுதான். எனக்குக் கால் மரத்துப்போய், நடக்கிறேனா நிற்கிறேனா என்றே தெரியவில்லை.

வேலிப் படலை யாரோ திறந்தார்கள். வியாகுலம் சித்தி.

“கொண்டா” என்றாள்.

“வேண்டாம், நான் பாத்துக்கிடுவேன்.”

“நீ பாத்த லட்சணத்தைத்தான் ரெண்டு நாளா ஊரே கேட்டுட்டு இருக்கே. கொண்டாட்டி.”

“அமத்தத் தெரியாதவ பிள்ளைதானே இது, உங்களுக்கு என்னத்துக்கு?”

சித்தி முந்தானையை இடுப்பில் செருகினாள். “நான் அஞ்சு பெத்தேன். அஞ்சையும் அமத்தத் தெரியாமத்தான் வளத்தேன். வாய் இருக்கேன்னு ஒரு நாள் சொல்லிட்டேன். அதுக்கு ஒரு வருஷமா முகத்தைத் திருப்பிக்கிட்டுப் போற. கொண்டா.” சொல்லிக்கொண்டே என் தோளிலிருந்து அவனைப் பிய்த்து எடுத்தாள். என் கை தானாக விட்டுவிட்டது.

அவளிடமும் அவன் அழுதான். அவள் பத்தெட்டு நடந்து, எதிர்வீட்டுப் பெண்ணிடம் கொடுத்தாள். அவள் பத்தெட்டு நடந்து அடுத்தவளிடம். ஞாயிற்றுக்கிழமை யாருக்கும் வேலை இல்லை, எல்லாப் பெண்களும் வெளியேதான் நின்றார்கள், வெறுமனே கிடந்த அந்தக் குரலுக்கு அடியிலேயே நின்றார்கள். அதனால் பிள்ளை கைமாறிக் கைமாறி குருசடி வரைக்கும் போய், அங்கே சிலுவையைத் தொட்டுவிட்டு, கைமாறிக் கைமாறித் திரும்பி வந்தான். ஒவ்வொரு கைக்கும் அழுகை ஒரு இழை குறைந்தது. யாரிடம் கோபிப்பது என்று அவனுக்கே குழம்பியிருக்கும். நான் வாசற்படியில் உட்கார்ந்து அவன் போவதையும் வருவதையும் பார்த்துக்கொண்டிருந்தேன். பிள்ளையைப் பெற்ற நாளிலிருந்து என் இரண்டு கையும் ஒரே நேரத்தில் சும்மா இருந்தது அன்றைக்குத்தான்.

ஐந்தேகால் இருக்கும். குரலின்மேல் வரிசையாக உட்கார்ந்திருந்த காக்கைகள் ஒரே நேரத்தில் எழும்பின. முதலில் துடிப்பு வேகமானது, தொடாமலேயே எங்களுக்குப் பல்லில் தெரிந்தது. பிறகு அது உயர்ந்தது. கைக்கு எட்டும் உயரத்தில் இருந்தது ஒரு முழம் மேலே போனது, கூரைக்கு மேலே போனது, தென்னை உயரம் போனது, பாய் ஏற்றிய வள்ளம் மாதிரி யாரும் தள்ளாமல் போனது. குருசடிப் பக்கத்து நுனி மட்டும் கல்லை விடாமல் நிற்க, மிச்சம் முழுவதும் வானத்தைப் பார்த்து நிமிர்ந்தது. ஊரே அண்ணாந்து நின்றது. சாமியார் நெற்றியில் சிலுவை போட்டார்.

“இனி கம்பிதான் கட்டணும்” என்றாள் ஒருத்தி.

“துரு பிடிக்காத கம்பி வந்திருக்காம்” என்றாள் இன்னொருத்தி.

கூட்டம் கலைந்தது. ஏழு வருடத்துக்கு முன்னால் எப்படி ஒன்றும் கேட்காமல் துணியைப் போட்டார்களோ, அப்படியே ஒன்றும் கேட்காமல் வீட்டுக்குப் போனார்கள்.

ஆட்டம் முடிந்து, வேஷத்தைக் கலைப்பதற்கு முன்னாலேயே கொரற்றி கூப்பிட்டாள். பின்னால் ஒரே கைதட்டலும் நாற்காலி நகர்த்துகிற சத்தமும்.

“மைனி, ஆடல.”

“தெரியும். இங்க பாத்தோம்.”

“தொட்டிலை அவுத்திட்டியா?”

“ஆமா.”

“அவன்?”

“அழுதான்.”

அவள் மூச்சு மட்டும் கேட்டது, நீந்திக் கரையேறியவள் மூச்சு மாதிரி. பிறகு, “பம்பாயில பன்னெண்டு தடவை பாடக் கூப்பிடுதாங்க. அடுத்த மாசம் பூரா. நான் இன்னும் சரின்னு சொல்லல” என்றாள். எதற்காகச் சொல்லவில்லை என்பது எனக்குப் புரிந்தது.

“சரின்னு சொல்லு. இனி அது எட்டாதுட்டி. எட்டினாலும் கட்டமாட்டேன். போய் முதல்ல ஏதாவது சாப்பிடு.”

போனை வைத்துவிட்டு வாசலுக்கு வந்தேன். பன்னிரண்டு தடவை என்றால் அவளுக்குப் பன்னிரண்டு; எனக்குத் தினமும் இரண்டு தடவை இவனைத் தோளிலேயே தூங்கவைக்க வேண்டும், இவன் வளர்ந்து ஓடுகிற வரைக்கும். சூசை கரைக்கு வர இன்னும் ஏழு நாள். படியில் உட்கார்ந்தேன்.

சாவியோ வியாகுலம் சித்தியின் தோளில், அவள் கழுத்து வேர்வையில் கன்னத்தை ஒட்டவைத்துக்கொண்டு, எச்சில் ஒழுகத் தூங்கிக்கொண்டிருந்தான். எப்போது தூங்கினான் என்று எனக்குத் தெரியவில்லை. சித்தி அடிமேல் அடிவைத்து வந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்து, அவனை என் மடியில் இறக்கப் பார்த்தாள்.

“இறக்காதீங்க சித்தி” என்றேன். “இன்னும் ஒரு மணி நேரம் நீங்களே வச்சுக்கிடுங்க. நான் கொஞ்சம் தூங்கணும்.”